புதிய தனியார் முயற்சிகளில் அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம்?

கேள்வி கேட்டவர் எழுதியதன் சாரம் இது: "புது நிறுவனங்களை வளர்க்க அரசுகள் திட்டம் மேல் திட்டம் போடுகின்றன. அதே அரசுகள் விதி மேல் விதி போட்டு அவற்றை முடக்குவதாகவும் சொல்கிறார்கள். அரசு ஒதுங்கிக்கொண்டாலே போதும் என்பது சரியா, பணம் போட்டு வழிநடத்த வேண்டும் என்பது சரியா? நானும் ஒன்று தொடங்கலாம் என்று இருக்கிறேன், அதனால் கேட்கிறேன்."

பணம் கொடுக்கும் அரசு, தடுத்து நிறுத்தும் அரசு என்று இரண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல். இதுவரை யாரும் செய்யாத ஒன்றைப் பற்றி, அதைச் செய்யப்போகாத ஒருவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க முடியும்? பொதுப் பணத்திலிருந்து மானியமும் முதலீடும் தரும் தேர்வுக் குழுக்களில் நான் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். விதிமுறை வரைவுகளுக்குக் கருத்து எழுதும் வேலையும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். வரி விவகாரங்களும் ஒவ்வொரு நாட்டின் நிறுவனச் சட்டமும் என் துறை அல்ல, அவற்றை இங்கே தொடவில்லை.

முதலில் நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் புது முயற்சி வெல்லும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் அரசுகள் பலவீனமானவை. அதிகாரிகளின் மெத்தனமோ ஊழலோதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மையும் அறிவும் உள்ளவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்தாலும் இதேதான் நடக்கும். 1898இல் அமெரிக்கப் போர்த்துறை, மனிதனைச் சுமந்து பறக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய சாமுவேல் லாங்லிக்கு 50,000 டாலர் ஒதுக்கியது. அன்று கையில் இருந்த ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அது நல்ல தேர்வு. அவர் ஸ்மித்சோனியன் என்ற அறிவியல் நிறுவனத்தின் செயலர், பேர்பெற்ற வானியலாளர். 1896இலேயே அவருடைய ஆளில்லா மாதிரி விமானம் அரை மைலுக்கு மேல் பறந்து காட்டியிருந்தது. நான் அந்தக் குழுவில் இருந்திருந்தாலும் அவருக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் அந்த விமானம் போட்டோமாக் ஆற்றில் ஒரு படகின் மேலிருந்து ஏவப்பட்டது. இரண்டு முறையும் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது முறை விழுந்த ஒன்பதாம் நாள், சைக்கிள் கடை நடத்திக்கொண்டிருந்த ரைட் சகோதரர்கள் சொந்தக் காசில் செய்த விமானத்தில் பறந்தார்கள். லாங்லியின் இன்ஜின் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டது, ரைட்களுடையது ஏறக்குறைய 12தான். லாங்லி சக்தியைப் பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். ரைட்கள், மேலே போன பிறகு விமானத்தை எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது என்பதைத்தான் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். விடை தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும், எது கேள்வி என்பதே அன்று பணம் ஒதுக்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு "பார்த்தீர்களா, அரசு ஒதுங்க வேண்டும்" என்பவர்கள் உண்டு. அதன் இரண்டாம் பாதி எனக்கு இன்னும் முக்கியம். 1907 டிசம்பரில் அதே அமெரிக்க ராணுவம் ஒரு கொள்முதல் அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், மணிக்கு 40 மைல் வேகம் வேண்டும், ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும். வேகம் கூடினால் ஒவ்வொரு மைலுக்கும் விலையில் 10 சதவீதம் கூடுதல், குறைந்தால் அதே கணக்கில் பிடித்தம். இறக்கை எப்படி இருக்க வேண்டும், இன்ஜின் எது என்று அவர்கள் வடிவமைப்பைக் கட்டளையிடவில்லை. ரைட்கள் 25,000 டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். 1908 செப்டம்பரில் சோதனைப் பறத்தலின்போது விபத்து நடந்து லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். ராணுவம் ஒப்பந்தத்தைக் கைவிடாமல் கால அவகாசம் கொடுத்தது. 1909இல் விமானம் மணிக்கு 42 மைல் வேகத்தைத் தாண்டியது, 30,000 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். கண்டுபிடிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தடுமாறிய அரசு, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி வாங்கும் இடத்தில் நன்றாகவே செயல்பட்டது. ஏனென்றால் தன் தேவை என்ன என்பது அதற்குத் தெரியும்.

நூறு வருடம் கழித்து நாசா செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 2006இல், விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வாகனங்களுக்காக இரண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டது. மைல்கல்லை எட்டினால் பணம், எட்டாவிட்டால் இல்லை. அதில் ஒன்றான ராக்கெட்பிளேன் கிஸ்லர் தனியார் முதலீட்டைத் திரட்ட முடியாமல் தவறவே, 2007இல் நாசா அதை விலக்கிவிட்டு, மிச்சப் பணத்துடன் 2008இல் ஆர்பிட்டல் சயின்சஸ் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. இன்னொன்றான ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் 2012 மே மாதம் நிலையத்தை அடைந்தது. எல்லோரும் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது முதலாவதை ஒரு வருடம் சொச்சத்திலேயே நிறுத்தத் துணிந்ததுதான். அரசுத் திட்டங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

ஏன் நிறுத்த முடிவதில்லை என்பதைத் தேர்வுக் குழு அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் "அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான செயல் திட்டம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நிறுவனம் எதையோ எழுதித்தான் ஆக வேண்டும். முதல் தவணை வந்த எட்டாவது மாதம், வாடிக்கையாளர்கள் கேட்பது வேறொன்று என்று நிறுவனத்துக்குப் புரிகிறது. புதுத் தொழிலில் இது சாதாரணம், இது நடக்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் கோப்பு மறுபடி மேலே போக வேண்டும். மேலே இருப்பவரோ, "முதலில் சொன்னதைச் செய்யாதவர்களுக்குப் பணம் கொடுத்தது ஏன்?" என்று தணிக்கையில் கேட்பார்களே என்று பயப்படுவார். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, அது மக்கள் பணம். முடிவில் நிறுவனம் என்ன செய்கிறது? இரண்டாம் தவணைக்காகப் பழைய திட்டத்தையே ஓட்டுகிறது. அறிக்கைகள் ஒழுங்காக வருகின்றன, எல்லாக் கட்டங்களும் நிரப்பப்படுகின்றன, தொழில் மட்டும் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட கோப்புகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும். யார் மேலும் தவறு சொல்ல முடியாது.

கென்யாவின் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை இதற்கு நல்ல மறுபக்கம். பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியிலிருந்து வந்த மானியத்தோடு அது சோதனையாகத் தொடங்கியது 2005இல். நோக்கம், சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைச் செல்பேசி வழியாகக் கட்டுவது. சோதனையில் மக்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். அதை நடத்திய செல்பேசி நிறுவனமான சஃபாரிகாம் அந்தப் பக்கமே திரும்பி, 2007 மார்ச்சில் பணம் அனுப்பும் சேவையாக அதை வெளியிட்டது. மானியம் கொடுத்தவர்கள் "கடன் தவணை என்றுதானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்று பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சேவையே வந்திருக்காது.

பணம் கொடுப்பதில் இன்னொன்றும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, நஷ்டத்தையும் லாபத்தையும் எப்படிப் பங்கிடுகிறோம் என்பதே முக்கியம். இஸ்ரேல் அடுத்தடுத்து இரண்டு வழிகளை முயன்று பார்த்தது. 1992இல் வந்த இன்பால் திட்டத்தில், துணிகர முதலீட்டு நிதிகள் (புது நிறுவனங்களில் பங்கு வாங்கிப் பணம் போடுபவை) போடும் பணத்தில் 70 சதவீதம் வரை அரசு உத்தரவாதம் கொடுத்தது. நஷ்டம் வந்தாலும் பெரிதாகப் போகப்போவதில்லை என்ற நிலையில், நல்ல நிறுவனங்களைத் தேடிப் பிடித்து வளர்க்க வேண்டிய அவசியம் நிதி நடத்துபவர்களுக்குக் குறைந்தது. திட்டம் எடுபடவில்லை. 1993இல் யோஸ்மா வந்தது. மொத்தம் 100 மில்லியன் டாலர். பத்து நிதிகள், ஒவ்வொன்றிலும் அரசின் பங்கு சுமார் 8 மில்லியன், வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவர் கட்டாயம். நஷ்டத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் அரசின் பங்கை ஏறக்குறைய அசலும் வட்டியும் சேர்ந்த விலைக்குத் தனியார் வாங்கிக்கொள்ளலாம். அதாவது தோற்றால் உன் பணமும் போகும், ஜெயித்தால் என் பங்கின் லாபமும் உனக்கு. பெரும்பாலான நிதிகள் அந்த உரிமையைப் பயன்படுத்தி அரசின் பங்கை வாங்கின. அரசும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெளியேறிவிட்டது. நாட்டுக்கு நாடு இதை நகலெடுத்திருக்கிறார்கள். பணத்தை நகலெடுப்பது எளிது, வெளியேறும் தேதியை நகலெடுக்கத்தான் மனம் வருவதில்லை. அப்புறம், அன்று இஸ்ரேலில் பொறியாளர்களும் ராணுவத் தொழில்நுட்பமும் முன்னாள் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்து குடியேறிய விஞ்ஞானிகளும் ஏற்கனவே இருந்தார்கள். இல்லாததை யோஸ்மா உண்டாக்கவில்லை.

இனி விவாதத்துக்குரிய பகுதி. அமெரிக்க எரிசக்தித் துறை 2009இல் சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 535 மில்லியன் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. சிலிக்கான் விலை சரிந்ததில் அதன் தொழில்நுட்பத்துக்கு இருந்த அனுகூலம் போய், 2011இல் திவாலானது. அதே துறை 2010இல் டெஸ்லாவுக்குக் கொடுத்த 465 மில்லியன் கடன் 2013லேயே முழுதாகத் திரும்பி வந்தது. ஒருவர் சோலிண்ட்ராவைக் காட்டுவார், இன்னொருவர் டெஸ்லாவைக் காட்டுவார். இரண்டுமே நிரூபணம் ஆகாது. டெஸ்லா அந்தக் கடன் இல்லாமல் பிழைத்திருக்குமா என்பதுதான் கேள்வி, நடக்காததை யாராலும் அளக்க முடியாது. அதனால்தான் "எங்கள் உதவி பெற்ற நிறுவனங்களில் இத்தனை சதவீதம் வெற்றி" என்ற அறிக்கைகளை நான் நம்புவதில்லை. நல்ல நிறுவனமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அது தானாகவே வென்றிருக்கலாம். இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்கு ஒரு வழி, தேர்வு வரிசையில் பணம் கிடைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே இருந்தவர்களையும் ஒப்பிடுவது. அமெரிக்க எரிசக்தித் துறையின் சிறு நிறுவன மானியங்களைப் பற்றி சப்ரினா ஹவெல் 2017இல் வெளியிட்ட ஆய்வு இப்படிச் செய்யப்பட்டது. முதல் கட்டச் சிறிய மானியம், நிறுவனத்துக்குப் பின்னால் துணிகர முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. அதைவிடப் பல மடங்கு பெரிதான இரண்டாம் கட்ட மானியத்தில் அப்படிப் பயன் தெரியவில்லை. முதல் பணம் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்க்க உதவுகிறது, அத்தோடு பெரிய சந்தேகம் தீர்கிறது. இது ஒரு நாட்டின் ஒரு துறை பற்றிய ஆய்வு, எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் பார்த்த கோப்புகளோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

சரி, விதிமுறைக்கு வருவோம். விதி போடுபவர் இரண்டு விதமாகத் தவறலாம். ஆபத்தானதை அனுமதிக்கலாம், அல்லது நல்லதைத் தடுக்கலாம். முதல் தவறுக்குப் பெயரும் முகமும் புகைப்படமும் உண்டு. இரண்டாவது தவறில் பாதிக்கப்பட்டவர்களுக்கே தாங்கள் பாதிக்கப்பட்டது தெரியாது. தாலிடோமைடு மருந்துக்கு 1960இல் அனுமதி கேட்டபோது, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் இருந்த பிரான்சிஸ் கெல்சி தரவு போதாது என்று விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திவைத்தார். மற்ற நாடுகளில் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அவர் நிறுத்தியது எவ்வளவு சரி என்று உலகமே கண்டது. 1962இல் சட்டமும் கடுமையானது. அதே நிர்வாகத்தின் வாசலில் 1988 அக்டோபரில் எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் திரண்டு நின்றார்கள். மருந்து சோதனையில் இருக்கிறது, நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த இரண்டாவது தவறு அன்று உடம்போடு வந்து நின்றது. 1992இல் விரைவு அனுமதி முறை வந்தது. பெரும்பாலான துறைகளில் அப்படித் திரண்டு வர யாரும் இருப்பதில்லை. தொடங்கப்படாத நிறுவனத்தின் வாடிக்கையாளர் எங்கே போய்ப் போராடுவார்? அதனால் விதிகள் இறுகும் பக்கமே சாய்கின்றன. இதை அதிகாரிகளின் கெட்ட எண்ணம் என்று சொல்வது அநியாயம்.

விதி கெடுக்கும் இன்னொரு விதம் நேரடித் தடையே இல்லாமல் நடப்பது. பிரிட்டனில் 1882இல் வந்த மின்விளக்குச் சட்டத்தின்படி தனியார் நிறுவனம் மின்சாரம் கொடுக்கலாம், ஆனால் 21 ஆண்டுகள் கழித்து உள்ளாட்சி அமைப்பு அதைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். விலை அன்றைய பொருள்களின் மதிப்பு மட்டும், வளர்த்த தொழிலுக்கும் எதிர்கால லாபத்துக்கும் காசு கிடையாது. ஏற்கனவே எரிவாயு நிறுவனங்களின் ஏகபோகத்தில் பட்ட அனுபவத்தால் நல்லெண்ணத்தோடு எழுதிய விதி அது. முதலீட்டாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். 1888இல் அதை 42 ஆண்டுகளாக உயர்த்த வேண்டியதாயிற்று. பழைய தொழிலில் கற்ற பாடத்தைப் புதிய தொழிலுக்கு அப்படியே மாட்டிவிட்டதுதான் பிரச்சினை. இன்றைய வரைவுகளிலும் நான் அதிகம் பார்ப்பது இதையே.

அப்படியானால் விதியே வேண்டாமா? அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். கேட்க வேண்டியது ஆபத்து யாருக்கு என்பது. அமெரிக்காவில் 2004 சட்டம் விண்வெளிப் பயணத்தில் இதைப் பிரித்துப் பார்த்தது. கீழே தரையில் இருப்பவர்களின் பாதுகாப்புக்கு உரிமம், விதி எல்லாம் உண்டு. உள்ளே ஏறும் பயணிக்கோ, ஆபத்தை எழுத்தில் தெரிவித்துச் சம்மதம் வாங்கினால் போதும். அவர்களின் பாதுகாப்புக்கு விரிவான விதி போடுவதை ஒரு கற்றல் காலம் முடியும்வரை சட்டமே தடுத்தது. கொள்கையளவில் எனக்கு இது பிடிக்கும். ஆனால் 2023 ஜூனில், டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் சென்ற டைட்டன் என்ற தனியார் நீர்மூழ்கி ஐந்து பேரோடு நொறுங்கிய பிறகு, சம்மதம் என்ற ஒன்றை முன்பைவிடக் கண்டிப்பாகப் பார்க்கிறேன். எந்தத் தரச்சான்று அமைப்பின் சான்றும் அதற்கு இல்லை, இயங்கியது சர்வதேசக் கடலில். ஏறியவர்கள் ஆபத்தை ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். துறை வல்லுநர்கள் 2018லேயே கவலை தெரிவித்து எழுதிய கடிதம் நிறுவனத்துக்குப் போனது, பயணிகளுக்கு அல்ல. விற்பவர் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுக்கும் சம்மதம் அரைச் சம்மதம்தான். வேறொருவர் பார்த்துச் சொன்னதும் கையில் இருக்க வேண்டும். அந்த வேறொருவர் அரசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கப்பல் துறையில் தரச்சான்று அமைப்புகள் நீண்ட காலமாக இதைச் செய்கின்றன. சான்று வாங்கவில்லை என்பதை மறைக்க முடியாதபடி செய்வதாவது அரசால் முடியும்.

எம்-பெசாவுக்குக் கென்ய மத்திய வங்கி செய்தது நான் பார்த்தவற்றில் மிக நிதானமான அணுகுமுறை. சஃபாரிகாம் வங்கி அல்ல, பணப் பரிமாற்றத்துக்கென்று தனிச் சட்டமும் அன்று இல்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம், கண்டுகொள்ளாமலும் விட்டிருக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தது: வாடிக்கையாளர் பணம் முழுவதும் நிறுவனத்தின் கைக்கு எட்டாத அறக்கட்டளைக் கணக்கில் வங்கியில் இருக்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டதும் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்தது. 2008 இறுதியில் வங்கிகள் குரல் எழுப்பி, அரசு ஆய்வுக்கு உத்தரவிட்டபோதும் சேவை தாக்குப்பிடித்தது. பணப் பரிவர்த்தனைச் சட்டம் 2011இல்தான் வந்தது. அதற்குள் எது ஆபத்து, எது வெறும் பயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2016இல் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் ஆரம்பித்து வைத்த சோதனைக் களங்கள், அதாவது புதுச் சேவையைச் சிறிய அளவில் கண்காணிப்போடு சோதித்துப் பார்க்க விடும் ஏற்பாடுகள், இதே எண்ணத்தில் வந்தவைதான். அவற்றைப் பற்றி எனக்குள்ள சந்தேகம் ஒன்று உண்டு. சில நூறு பேரிடம் சோதித்ததில் தெரியாத ஆபத்து, கோடிப் பேர் பயன்படுத்தும்போது தெரியவரும்.

நீங்கள் தொடங்கப்போவதற்கு வருவோம். முன்மாதிரி செய்து பார்க்கச் சிறு மானியம் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பெரிய தொகை என்றால் முதலில் ஒப்பந்தத்தில் திட்டத்தை மாற்றும் பிரிவைத் தேடிப் படியுங்கள். யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று அதில் இல்லையென்றால், அந்தப் பணம் உங்களைப் பழைய யோசனையிலேயே கட்டிப்போடும். அரசுத் துறை எதுவாவது உங்கள் பொருளை வாங்கக்கூடுமா என்றும் பாருங்கள், பல நேரம் மானியத்தைவிட ஒரு நல்ல கொள்முதல் ஆணை அதிகம் உதவும். உங்கள் தொழில் எந்த விதிக்குள்ளும் தெளிவாக வரவில்லையென்றால், யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மற்றவர் பணத்தையோ உயிரையோ தொடும் இடம் எது, அதை எப்படிப் பாதுகாக்கப் போகிறீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, சம்பந்தப்பட்ட ஆணையத்திடம் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், அதற்கான மாதங்களையும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.